கலப்புப் பாத்தியில் புதர் ரோஜா: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தனியாக நின்றவரை செழித்த புதர் ரோஜா, சால்வியா, லாவெண்டர், செண்டுமல்லி என்று மற்ற செடிகளோடு கலந்து நட்ட பிறகு அடிக்கடி நோயில் விழும். மருந்தடித்தால் இரண்டு வாரம் தேறும், பிறகு பழையபடி ஆகிவிடும். இதற்குப் பெரும்பாலும் தூரை நெருக்கி வளர்ந்துவிட்ட பக்கத்துச் செடிதான் காரணம். அது காற்றை அடைக்கிறது, தண்ணீரில் பங்கு எடுக்கிறது, காலை வெயிலை மறைக்கிறது. அதனால் கீழே பெரும்பாலான அறிகுறிகளில் அந்தப் பக்கத்துச் செடியை, அதாவது துணைச் செடியைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். காசு செலவில்லாத காரணங்கள் முன்னால் வரும், செலவு வைப்பவை பின்னால்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால் பார்க்க வேண்டிய மூன்று

எங்கே தொடங்கியது? அடி இலைகளில் தொடங்கியிருந்தால் கரும்புள்ளி, தண்ணீர்ச் சிக்கல், தழைச்சத்து அல்லது மெக்னீசியக் குறை. கொழுந்தில் தொடங்கியிருந்தால் சாம்பல் நோய், இலைப்பேன், இரும்புக் குறை. ஒரே பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துச் செடியையோ, அந்தத் திசையிலிருந்து காற்றில் வந்த களைக்கொல்லியையோ சந்தேகப்படுங்கள்.

தூரைச் சுற்றி எவ்வளவு இடம்? அளவு நாடாவை வைத்துப் பாருங்கள். ரோஜாவின் தூரிலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது 30 செ.மீ. வெறுமையாக இருக்க வேண்டும். மழையும் ஈரக்காற்றும் அதிகமான இடத்தில் 45 செ.மீ. நட்ட அன்று விட்ட இடைவெளி கணக்கில் வராது. இன்று துணைச் செடியின் இலை எதுவரை வந்திருக்கிறது என்பதே கணக்கு.

15 செ.மீ. ஆழத்தில் ஈரம் எப்படி? மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பது போதாது. மூடாக்கை விலக்கி, கைக்கொத்தால் 15 செ.மீ. தோண்டி, அந்த மண்ணைக் கையில் பிடியுங்கள். பிடித்தால் உருண்டு, தட்டினால் உதிர வேண்டும். உருளவே இல்லை என்றால் காய்ந்திருக்கிறது. பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு உதிராமல் நின்றால் நீர் தேங்குகிறது.

## அறிகுறி: இலையில் கரும்புள்ளி, சுற்றிலும் மஞ்சள், அடியிலிருந்து இலை உதிர்கிறது

ஓரம் சிலும்பிய வட்டக் கரும்புள்ளி என்றால் கரும்புள்ளி நோய்தான். ஓரம் கூர்மையாக, நரம்புகளுக்குள் அடங்கிய கட்டம்போல, ஊதா கலந்த நிறத்தில் இருந்து, ஓரிரு நாளில் இலைகள் மளமளவென்று கொட்டினால் அது அடிச்சாம்பல் நோய். குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்த வானிலையில் வரும். இரண்டுக்கும் மருந்து வேறு. கீழே வரும் காரணம் 1, 2 மட்டும் இரண்டு நோய்க்கும் பொது.

காரணம் 1: இலை காய்வதில்லை. கரும்புள்ளிப் பூஞ்சாணம் தொற்ற, இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். திறந்த இடத்தில் நிற்கும் ரோஜாவின் இலை, பனி பெய்தாலும் காலை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். நெபெட்டா, ஜெரேனியம் போன்ற படரும் துணைச் செடி தூரில் ஏறிப் படுத்துவிட்டால் அடி இலைகள் பகல்வரை ஈரமாகவே இருக்கும்.

சோதனை: காலை பத்து மணிவாக்கில், வெளி இலைகள் காய்ந்த பிறகு, கையைப் புதரின் நடுவே தூர்வரை விட்டுப் பாருங்கள். உள்ளே இலைகள் சில்லென்று ஈரமாக இருந்து, துணைச் செடியின் தண்டுகள் ரோஜாக் கிளைகளோடு பின்னிக் கிடந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

என்ன செய்வது: துணைச் செடியின் தண்டுகளைத் தரையோடு கத்தரித்து, 30 செ.மீ. வட்டத்தைக் காலி செய்யுங்கள். வேரோடு பிடுங்கவோ கொத்திக் கிளறவோ கூடாது. ரோஜாவின் ஊட்டவேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. பிறகு ரோஜாவின் நடுவில் ஒன்றோடொன்று உரசும் கிளைகளிலும் உள்நோக்கி வளரும் கிளைகளிலும் இரண்டு மூன்றை அடியோடு எடுங்கள். தரையிலிருந்து 20 செ.மீ. உயரம்வரை உள்ள இலைகளையும் உருவிவிடலாம்.

காரணம் 2: தண்ணீர் மேலிருந்து விழுகிறது. பூவாளி, தெளிப்பான் எதுவானாலும் இலை நனையும். அதிலும் மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம்தான். சொட்டுநீருக்கு மாறுங்கள். அது முடியாவிட்டால் தூரில் மட்டும், காலையில் மட்டும் ஊற்றுங்கள். துணைச் செடிகளுக்காக வைத்த தெளிப்பான் ரோஜாவை நனைப்பது கலப்புப் பாத்தியில் எளிதில் கண்ணில் படாத தவறு. தெளிப்பான் ஓடும்போது ஒருமுறை நின்று பாருங்கள்.

காரணம் 3: விழுந்த இலைகள் பாத்தியிலேயே கிடக்கின்றன. தனிப் பாத்தியில் பெருக்கி எடுத்துவிடலாம். கலப்புப் பாத்தியில் அவை துணைச் செடிகளின் அடியில் மறைந்து கிடந்து, மழைத்துளி தெறிக்கும்போதெல்லாம் வித்துகளை மேலே அனுப்பும். பொறுக்கி எடுத்துக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம். அந்த இடத்தில் 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குப் புது மூடாக்கு போட்டால் தெறிப்பு குறையும். மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் தள்ளி இருக்கட்டும்.

காரணம் 4: ரகமே பலவீனம். மேலே சொன்னதெல்லாம் செய்தும் ஒவ்வொரு மழைக்காலமும் மொட்டையாகிவிடும் ரோஜா, நெருக்கமான பாத்திக்கு ஏற்றதில்லை. ருகோசா வகைகளும், நோய் எதிர்ப்புக்கென்றே உருவாக்கிய நாக் அவுட் போன்ற புதர் ரகங்களும் இங்கே தாங்கும். ருகோசா இலையில் மருந்து அடிக்கவே கூடாது. கந்தகமும் வேறு பல தெளிப்புகளும் பட்டால் இலை கருகிக் கொட்டும்.

மருந்து என்றால், கரும்புள்ளிக்கென்று லேபிளில் தெளிவாக எழுதியிருப்பதை வாங்கி, அதில் சொன்ன அளவில், 7 முதல் 14 நாள் இடைவெளியில் அடிக்க வேண்டும். புள்ளி விழுந்த இலை தேறாது. புது இலையைக் காப்பதற்குத்தான் மருந்து. ரோஜாவுக்குப் பக்கத்தில் துளசி, புதினா, கொத்தமல்லி என்று சாப்பிடும் செடி ஏதும் இருந்தால் ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி வேண்டவே வேண்டாம்.

பூண்டு வைத்தால் கரும்புள்ளி வராது என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பிக் காலியாக இருக்க வேண்டிய வட்டத்தில் பூண்டை நட்டு அடைத்துவிடாதீர்கள்.

## அறிகுறி: கொழுந்திலும் மொட்டுக் காம்பிலும் வெள்ளைப் பொடி

இது சாம்பல் நோய். கரும்புள்ளிக்கு நேர்மாறான குணம் கொண்டது: இலை நனையத் தேவையில்லை. வேர்ப்பகுதி காய்ந்து, இலையைச் சுற்றிக் காற்று ஈரமாகத் தேங்கினால் போதும். பகல் வெதுவெதுப்பும் இரவுக் குளிர்ச்சியும் மாறிமாறி வரும் வாரங்களில் சட்டென்று பரவும்.

15 செ.மீ. ஈரச் சோதனையை முதலில் செய்யுங்கள். காய்ந்திருந்தால், துணைச் செடிகள் தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. வாரத்துக்கு 2.5 செ.மீ. மழைக்குச் சமமான நீர் வேண்டும், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். வெயில் கடுமையாக இருந்தால், மணற்பாங்கான மண்ணாக இருந்தால், இன்னும் கூடுதல். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மேலோட்ட வேருள்ள துணைச் செடிகளே குடித்துவிடும். வாரம் இரண்டு முறை நிறைய ஊற்றினால்தான் ரோஜாவின் ஆழ்ந்த வேருக்குப் போய்ச் சேரும்.

ஈரம் சரியாக இருந்தால் தழைச்சத்தைப் பாருங்கள். யூரியாவோ புல்தரை உரமோ அதிகமாகி, கொழுந்து மெத்தென்று நீண்டு வளர்ந்திருந்தால் சாம்பல் நோய் அதில் உடனே ஏறும். உரத்தை நிறுத்தி, வெள்ளை படிந்த நுனிகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து காலை வேளையில் தெளிக்கலாம். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை வெந்துவிடும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக் கூடாது. கந்தகம் அடித்த பிறகு எண்ணெய்க்கும் அதே இடைவெளி வேண்டும்.

## அறிகுறி: புள்ளி எதுவும் இல்லை, ஆனால் இலை மஞ்சளாகிறது

எந்த இலை, எப்படி மஞ்சள் என்பதைப் பார்த்துப் பிரியுங்கள்.

அடி இலைகள் முழுசாக வெளிறி, புது இலைகள் சிறுத்திருக்கின்றன: தழைச்சத்துக் குறை. நெருக்கமாக நட்ட பாத்தியில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். மக்கிய தொழு உரத்தையோ மண்புழு உரத்தையோ செடிக்கு இரண்டு மூன்று கிலோ, தூரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வளையமாகப் போட்டு மூடுங்கள். மூடாக்குக்காகப் பச்சை மரத்தூளைப் போட்டு மண்ணோடு கிளறியிருந்தால் அதுவே தழைச்சத்தை இழுத்துக்கொண்டிருக்கும். மரத்தூள் மேலே கிடந்தால் கெடுதல் இல்லை, உள்ளே புதைந்தால்தான் சிக்கல்.

அடி இலைகளில் நரம்போரம் பச்சை, நடுநடுவே மஞ்சள்: மெக்னீசியக் குறை. எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் இரண்டு முறை, இரண்டு வார இடைவெளியில் தெளித்துப் பாருங்கள். குறையே இல்லாமல் வழக்கமாகப் போட்டுவந்தால் உப்புதான் சேரும்.

கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் கோடுகோடாகப் பச்சை: இரும்பு கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இருந்தும் பிஎச் (மண்ணின் அமில-கார அளவு) 7-க்கு மேல் போனால் வேரால் எடுக்க முடியாது. ரோஜாவுக்கு 6.0 முதல் 6.5 வரை நல்லது. பாத்தி புதுச் சுவரையோ சிமென்ட் நடைபாதையையோ ஒட்டியிருந்தால், அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு அந்தப் பக்கத்து வேர்களைத் தாக்கும். அந்தப் பக்கச் செடிகள் மட்டும் மஞ்சளானால் இதுதான். சுண்ணாம்பு கேட்கும் லாவெண்டருக்காக யாராவது பாத்தி முழுக்கச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

இரும்புக் கூட்டு உரம் (கீலேட்) வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். இடிடிஏ (EDTA) வகை காரமண்ணில் சீக்கிரம் செயலிழக்கும். இடிடிஎச்ஏ (EDDHA) வகைதான் அங்கே நிற்கும். கந்தகம் போட்டு பிஎச் இறக்குவது மாதக்கணக்கில் ஆகும் வேலை.

அடி இலை மஞ்சள், மண் பிசுபிசுப்பு: வேர் மூச்சுத் திணறுகிறது. பாத்தியின் ஓரத்தில் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ. இறங்கினால் சரி. அதற்குக் குறைவென்றால் பாத்தியை 20 முதல் 30 செ.மீ. உயர்த்தி நட வேண்டும்.

இலை ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகுகிறது: உப்பு. உப்புத்தண்ணீர் அல்லது உர மிகுதி. நல்ல தண்ணீரை மெதுவாக, நிறைய விட்டுக் கழுவ வேண்டும்: 15 செ.மீ. உயரத்துக்குச் சமமான நீர் இறங்கினால் உப்பில் ஏறத்தாழ பாதி போகும், 30 செ.மீ. என்றால் ஐந்தில் நான்கு பங்கு. வடிகால் இல்லாத மண்ணில் இதைச் செய்தால் வேர் அழுகும், அதனால் குழிச் சோதனையை முதலில் முடியுங்கள்.

நிபுணர் எப்போது: பாத்தியில் பாதிக்கு மேற்பட்ட செடிகள் மஞ்சளாகி, மேலே சொன்னதில் எது என்று பிரியவில்லை என்றால் உரம் வாங்கும் காசில் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். பிஎச், உப்புத்தன்மை இரண்டையும் கேளுங்கள்; தண்ணீரையும் ஒரு புட்டியில் கொடுங்கள். குழி நீர் மறுநாளும் நின்றால் வடிகால் வேலை தெரிந்த ஆள்தான் வர வேண்டும்.

## அறிகுறி: இலை பளபளப்பு இழந்து, ஊசியால் குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள்

செஞ்சிலந்தி. ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த தூசியில் சில துகள்கள் நகர்ந்தால், விரலால் தேய்க்கும்போது செம்பழுப்புக் கோடு விழுந்தால், அதேதான். வெயிலும் வறட்சியும் தூசியும் சேர்ந்தால் ஒரு வாரம் பத்து நாளில் ஒரு தலைமுறை பெருகிவிடும்.

இங்கே துணைச் செடியின் பங்கு பலருக்கும் தெரியாது. ரோஜாவைக் காக்கும் என்று சுற்றிலும் நடுகிற செண்டுமல்லியே செஞ்சிலந்திக்கு மிகப் பிடித்த இருப்பிடம். கோடையின் நடுவில் வாடித் தூசி படிந்து நிற்கும் செண்டுமல்லியிலிருந்து சிலந்தி ரோஜாவுக்கு ஏறும். அதன் இலையடியில் நூலாம்படை தெரிந்தால் அந்தச் செடியை அப்படியே பையில் போட்டுக் கட்டி எடுத்துவிடுங்கள். வேர் முடிச்சு நூற்புழுவுக்குச் செண்டுமல்லி நல்லதுதான். ஆனால் நாலைந்து செடியை இடையில் நட்டால் அந்தப் பலன் வராது. ரோஜா நடுவதற்கு முன், இடம் முழுக்க நெருக்கமாக நட்டு, இரண்டு மாதமாவது வளரவிட வேண்டும்.

சிகிச்சை: காலையில், குழாயின் வேகமான நீரை இலையின் அடிப்பக்கம் பீய்ச்சுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு வாரம். அதற்கு மேலும் இருந்தால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., சில துளி திரவச் சோப்புடன், சாயங்காலத்தில். பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள். சிலந்தியைத் தின்னும் பூச்சிகளை அது கொன்றுவிடும், அதன்பின் சிலந்தி முன்பைவிட அதிகமாகும்.

## அறிகுறி: செடி பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பூ இல்லை

காரணம் 1: வெயில் போதவில்லை. ரோஜாவுக்கு நேரடி வெயில் குறைந்தது ஆறு மணி நேரம். வசந்தத்தில் முழங்கால் உயரம் இருந்த டெல்ஃபினியமும் காஸ்மாஸும் இப்போது தோளுக்கு வந்திருக்கும். ஒருநாள் காலையிலிருந்து இரண்டு மணிக்கொரு முறை ரோஜாவின் நடுப்பகுதியில் நிழலா வெயிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். மறைப்பது துணைச் செடி என்றால், சூரியன் வரும் பக்கத்தில் ரோஜாவின் பாதி உயரத்துக்கு மேல் எதுவும் வளராதபடி மாற்றி நடுங்கள். உயரமானவை பின்பக்கம் போகட்டும்.

காரணம் 2: கவாத்து நேரம் தப்பிவிட்டது. புதர் ரோஜாவில் இரண்டு குணம் உண்டு. திரும்பத் திரும்பப் பூப்பவை புதுத் தளிரில் பூக்கும். செடி ஓய்வில் இருந்து துளிர்க்கும் முன் மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம். காலிக்கா, ஆல்பா, சென்டிஃபோலியா போன்ற பழைய வகைகள் ஆண்டுக்கு ஒரே முறை, அதுவும் சென்ற ஆண்டுக் கிளையில் பூக்கும். இவற்றைத் துளிர்க்கும் முன் வெட்டினால் அந்த ஆண்டுப் பூ முழுவதும் கத்தரியோடு போய்விடும். பூத்து முடிந்தவுடன் மட்டும் வெட்டுங்கள். குளிர்காலக் குளிர் போதாத இடங்களில் இந்தப் பழைய வகைகள் சரியாகப் பூப்பதே இல்லை. அங்கே சைனா, டீ வகைகள் பொருந்தும்.

காரணம் 3: காய்ந்த பூவை எடுக்கவில்லை. திரும்பப் பூக்கும் வகையில், வாடிய பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ள வலுவான இலைக்கு மேலே வெட்டுங்கள். அடுத்த பூவுக்கு 6 முதல் 8 வாரம் பிடிக்கும், அவசரப்பட்டு உரம் போட வேண்டாம். பூவுக்குப் பின் வரும் சிவப்புக் காய்க்காக வளர்க்கும் ருகோசாவில் பூவை விட்டுவிடலாம்.

காரணம் 4: தழைச்சத்து மிகுதி. பாத்தியை ஒட்டிய புல்தரைக்குத் தூவும் உரம் ரோஜாவுக்கும் சேர்ந்துபோகிறது. தூவும்போது பாத்தி ஓரத்தில் அரை மீட்டர் விட்டுவிடுங்கள்.

காரணம் 5: வளர்ந்திருப்பது உங்கள் ரோஜாவே இல்லை. ஒட்டுச் செடியில், ஒட்டுக்குக் கீழே அடிச்செடியிலிருந்து போத்து கிளம்பி, மேல்செடியை அமுக்கிவிடும். தனிப் பாத்தியில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். துணைச் செடிகளின் மறைவில் ஒரு ஆண்டுகூடத் தெரியாமல் வளரும். சிற்றிலைகளை எண்ணிக் கண்டுபிடிக்கலாம் என்பது புதர் ரோஜாவுக்குச் செல்லாது. நல்ல ரகத்துக்கே ஏழு சிற்றிலை இருக்கலாம். சந்தேகப்படும் தண்டைப் பிடித்துக்கொண்டே மண்ணை விலக்கி, அது புறப்படும் இடம்வரை போங்கள். ஒட்டு முடிச்சுக்குக் கீழேயிருந்து வந்தால் போத்து. அடிச்செடி மல்டிஃப்ளோராவானால் கொத்துக்கொத்தாகச் சிறு வெள்ளைப் பூ வரும். டாக்டர் ஹூயியானால் அடர்சிவப்பில் பாதி அடுக்குப் பூ.

போத்தைக் கத்தரியால் வெட்டினால் அடியில் இருக்கும் கணுக்களிலிருந்து நாலாகக் கிளைக்கும். கையுறை போட்டு, அடியில் இறுக்கிப் பிடித்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பில் பிய்த்தெடுங்கள். சொந்த வேரில் வளர்ந்த செடியென்றால் அடியிலிருந்து வரும் தண்டும் அதே ரோஜாதான், தொட வேண்டாம்.

## அறிகுறி: மொட்டு வருகிறது, விரிவதில்லை

மொட்டைப் பறித்து நகத்தால் இரண்டாகப் பிளந்து, வெள்ளைத் தாளில் உதறுங்கள்.

ஒன்றிரண்டு மி.மீ. நீளத்தில் மெல்லிய கீற்றுகள் ஓடினால் இலைப்பேன். இதழோரம் பழுப்பாகியிருக்கும், வெளிர் நிறப் பூக்களில் இன்னும் அதிகம். பாதித்த மொட்டு, பூ எல்லாவற்றையும் பறித்துப் பையில் கட்டுங்கள். ஸ்பினோசாட் என்ற பூச்சிக்கொல்லி அடிப்பதானால் தேனீ போன பிறகு, இருட்டும் வேளையில். வேர்வழி ஊற்றும் இமிடாகுளோபிரிட் வகை மருந்துகளைக் கலப்புப் பாத்தியில் பயன்படுத்தக் கூடாது. பக்கத்துச் சால்வியாவின் வேரும் அதை எடுத்துக்கொண்டு தேனில் கொண்டுவந்துவிடும்.

பூச்சி எதுவும் இல்லை, வெளி இதழ்கள் காகிதம்போல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றால் மழைக்குப் பின் அடித்த வெயில்தான் காரணம். இதழ் நெருங்கிய ரகங்களில் வரும். வெளி இதழை மட்டும் மெதுவாக உரித்தால் பூ விரியும்.

சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தால் மொட்டை வெட்டி எடுத்து, காற்றோட்டத்துக்குக் கரும்புள்ளிப் பகுதியின் காரணம் 1-ஐச் செய்யுங்கள்.

அசுவினி மொய்த்திருந்தால் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும். பக்கத்தில் அலிசம், பூத்த கொத்தமல்லி போன்ற சிறுபூச் செடிகள் இருந்தால் மலர் ஈக்கள் வந்து முட்டையிட்டு, அவற்றின் புழுக்கள் மிச்சத்தைத் தின்னும். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். துணைச் செடியால் ரோஜாவுக்கு உறுதியாகக் கிடைக்கும் நன்மை இது.

## அறிகுறி: கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகுகிறது

வெட்டிய இடத்தில் தொடங்கினால் கவாத்துக் காயம்வழி நுழைந்த பூஞ்சாணம். உள்ளே வெண்மையாக இருக்கும் இடம்வரை வெட்டிக்கொண்டே வாருங்கள்; வெளிநோக்கிய கணுவுக்கு அரை செ.மீ. மேலே, சாய்வாக. ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவலாம்: மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்துப் பிறகு சேருங்கள்; இரும்புப் பாத்திரம் ஆகாது.

வெட்டுவாயின் நடுவில் துளை இருந்தால் தண்டு துளைப்பான். துளை முடியும்வரை வெட்டி எரித்துவிடுங்கள்.

கருகல் அடியிலிருந்து மேலே போகிறது என்றால் தூரைத் தோண்டிப் பாருங்கள். மண்மட்டத்தில் கரடுமுரடான கட்டி தெரிந்தால் தூர்க்கழலை நோய், பாக்டீரியாவால் வருவது. இதற்கு மருந்து கிடையாது. அந்த ரோஜாவை வேரோடும் ஒட்டிய மண்ணோடும் எடுங்கள். சாமந்தியும் இந்த நோய்க்கு ஆளாகும், அதனால் அந்த இடத்தில் புல் வகைகளை வையுங்கள். கட்டி ஒன்றுக்கு மேற்பட்ட செடியில் இருந்தால் தோட்டக்கலை அலுவலரிடம் மாதிரி காட்டிவிட்டு மேற்கொண்டு நடுங்கள்.

## அறிகுறி: ரோஜா நன்றாக இருக்கிறது, துணைச் செடி சாகிறது

லாவெண்டர், ரோஸ்மேரி, கற்றாழை வகைகள் அடி அழுகிச் சாகின்றன. ரோஜாவுக்கு ஊற்றும் தண்ணீரும் எருவும் இவற்றுக்கு விஷம். படத்தில் அழகாக ஒட்டி நிற்கும் லாவெண்டரும் ரோஜாவும் ஒரே சொட்டுவாயின் கீழ் நெடுநாள் வாழாது. லாவெண்டரை ரோஜாவிலிருந்து 60 முதல் 75 செ.மீ. தள்ளி, பாத்தியின் உயர்ந்த ஓரத்தில், நட்ட குழியில் மூன்றில் ஒரு பங்கு பெருமணல் அல்லது சிறு ஜல்லி கலந்து வையுங்கள். அந்தப் பக்கம் சொட்டுவாயை அடைத்துவிடுங்கள். மூடாக்குக்கு எரு வேண்டாம், சரளைக்கல் போடுங்கள். அதே நீலம் ரோஜாவின் அருகிலேயே வேண்டுமென்றால் ஈரம் தாங்கும் சால்வியாவோ ஆஞ்சலோனியாவோ நடுங்கள்.

ரோஜாவுக்கு அடியில் எல்லாம் வாடுகின்றன. முழு வளர்ச்சியில் ரோஜா எவ்வளவு அகலம் போகும் என்று கணக்கிடாமல் நட்டிருப்பீர்கள். 120 செ.மீ. அகலம் போகும் ரகத்துக்கு நடுவிலிருந்து 60 செ.மீ. வரை அதன் ஆட்சி. துணைச் செடியை அந்தக் கோட்டுக்கு வெளியே, குளிர்ந்த நாளில், முந்தின நாள் நீர் ஊற்றி, மண்கட்டியோடு மாற்றுங்கள்.

மருந்து அடித்த இரண்டு மூன்று நாளில் இலை கருகியது. ரோஜாவுக்கு ஒத்துக்கொண்ட எண்ணெயும் கந்தகமும் மென்மையான இலைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அடிக்கும் முன் பக்கத்துச் செடியைப் பழைய துணியால் மூடுங்கள்.

எதிர்ப்பக்கம்: துணைச் செடி ரோஜாவை விழுங்குகிறது. புதினா போன்ற கிழங்குவேர்ச் செடிகள் ரோஜாவின் வேருக்குள் நுழைந்தால் பிரிப்பது பெரும்பாடு. ரோஜா ஓய்வில் இருக்கும்போது கிளப்பி, வேரைக் கழுவி, வெள்ளைக் கிழங்கை ஒவ்வொன்றாக உருவி எடுத்துத்தான் மறுபடி நட வேண்டும். இனி புதினாவைத் தொட்டியோடு புதைத்து, தொட்டியின் வாய் மண்ணுக்கு 5 செ.மீ. மேலே தெரியும்படி வையுங்கள். ரோஜா மேல் ஏற்றும் கிளெமாட்டிஸ் கொடியில் விட்டிசெல்லா வகைதான் பாதுகாப்பு: குளிர்காலக் கடைசியில் 30 செ.மீ. விட்டு மொத்தமாக வெட்டிவிடலாம், அந்தக் கொடி உங்கள் ரோஜாவை மூடாது. நடுவது தூரிலிருந்து 45 முதல் 60 செ.மீ. தள்ளி.

## அறிகுறி: பழைய ரோஜா இருந்த இடத்தில் புது ரோஜா வளரவே இல்லை

மறுநடவுச் சிக்கல். பழைய ரோஜாவின் மண்ணில் புது ரோஜா வேர்விடத் தயங்கும். பக்கத்திலேயே சால்வியா செழித்து நிற்கும். செலவில்லாத வழி, அங்கே ரோஜா அல்லாத துணைச் செடியை வைத்து, ரோஜாவை ஒரு மீட்டராவது தள்ளி நடுவது. அதே இடம்தான் வேண்டுமென்றால் 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை மாற்ற வேண்டும். எடுத்த மண்ணைக் காய்கறிப் பாத்தியில் போடலாம். பிடுங்கிய வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு. மண்ணையும் வேரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி: ஒரு கிளை மட்டும் விநோதமாக வளர்கிறது

இலை கயிறுபோல் குறுகி, கிளைகள் துடைப்பம்போல் அடர்ந்தால் இரண்டில் ஒன்று. களைக்கொல்லி பட்டிருந்தால் பக்கத்துத் துணைச் செடிகளிலும் வளைந்த, வெளிறிய கொழுந்து தெரியும். முள் வழக்கம்போலவே இருக்கும். அடுத்த துளிர்ப்பு மெதுவாகத் தேறும். நீர் ஊற்றிக் காத்திருங்கள்.

ரோஜா மட்டும் பாதித்து, கிளை வழக்கத்தைவிடத் தடித்து, அளவுக்கு மீறிய மென்முட்கள் அடர்ந்து, முற்றிய பிறகும் சிவப்பு மாறாமல் இருந்தால் வட அமெரிக்காவில் பரவியுள்ள ரோஸ் ரொசெட் வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். காற்றில் மிதக்கும் நுண்சிலந்திகள் அதைக் கொண்டுபோகும். ரோஜாவின் புதுக் கொழுந்து பல ரகங்களில் இயல்பாகவே சிவப்பு, அதனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் கிளையை உலுக்காமல் படம் எடுத்து, தாவர நோய் ஆய்வகத்தையோ தோட்டக்கலை அலுவலரையோ அன்றே கேளுங்கள். பதில் வரும்வரை அந்தச் செடியில் பதியன் போடவோ, அதே கத்தரியால் வேறு ரோஜாவை வெட்டவோ கூடாது. உறுதியானால், செடியைப் பெரிய பையால் மேலிருந்து மூடிக் கட்டிய பிறகே வேரோடு தோண்டுங்கள். மண்ணில் அறுந்து நின்ற வேர்த்துண்டுகளையும் தேடி எடுங்கள், அவற்றிலிருந்து மறுபடி துளிர்க்கும்.